வெல்லக்கடைக்காரியின் கணுக்கால்

ஒரு சாண் உயரம்கூட இல்லாத படியில் கால் தவறி, கணுக்காலில் இரண்டு பக்கமும் எலும்பை உடைத்துக்கொண்டவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் லாரியா, ஆட்டோவா என்றுதான் கேட்டார்கள். கடைப்படி என்றதும் அவர்கள் முகம் தொங்கிப்போயிற்று. ஆப்பிளும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்தவர்களுக்கு, அந்த அலைச்சலுக்குத் தக்க ஒரு விபத்தை என்னால் காட்ட முடியவில்லை.

திருவனந்தபுரத்தில் சாலை என்ற கடைத்தெருவில் எங்களுக்கு வெல்ல மண்டி. மாமனார் நாஞ்சில்நாட்டிலிருந்து வந்து போட்ட கடை. வங்கி, பில், வரி, போன் எல்லாம் என் வீட்டுக்காரர் மாணிக்கம் பார்ப்பார். சரக்கு என் பொறுப்பு. எந்த ஊர் வெல்லம், எந்த மண்ணில் விளைந்த கரும்பு, வெளுப்புக்கு மருந்து போட்டிருக்கிறார்களா, பாகு முறுகிவிட்டதா என்பதையெல்லாம் நாக்கில் வைத்துச் சொல்கிறவள் நான்தான். வீட்டுக்காரர் நாளெல்லாம் வெற்றிலை போடுகிறவர். அவர் நாக்குக்கு வெல்லமும் ஒன்றுதான், செங்கல்லும் ஒன்றுதான். அதனால் தரகர்கள் அவரிடம் நலம் விசாரிப்பார்கள், சாம்பிளை என்னிடம் நீட்டுவார்கள்.

எனக்குப் பத்துப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை நோய் உண்டு. இந்த விஷயத்தில் என் கட்டுப்பாட்டை யாரும் குறை சொல்ல முடியாது. காப்பியில் சீனி கிடையாது. கல்யாண வீட்டில் போளியும் பாயசமும் வரும்போது இலைக்குக் குறுக்கே கையை வைத்துவிடுவேன். ஓணத்துக்கு அடுத்த வீட்டிலிருந்து வரும் அடைப் பிரதமன் பாயசத்தை முகர்ந்து பார்ப்பதோடு சரி. இவ்வளவு இருந்தும் ரத்தத்தில் சர்க்கரை குறைந்ததே இல்லை. பரம்பரை என்றார் ஒரு டாக்டர். டென்ஷன் என்றார் இன்னொருவர். வியாபாரிக்கு டென்ஷன் இல்லாமல் இருக்குமா என்று நானும் அதையே பிடித்துக்கொண்டேன். வலி இல்லை, நடை குறையவில்லை. மாத்திரையைப் போட்டுக்கொண்டு கடைக்கும் சரக்கு அடுக்கும் கிட்டங்கிக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

ஆற்றுக்கால் பொங்காலைக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. அந்த ஒரு நாளில் ஊர்ப் பெண்கள் எல்லாரும் தெருவில் அடுப்புக் கூட்டிப் பாயசம் வைப்பார்கள். வெல்லக்கடைக்கு அதற்குமேல் ஒரு சீசன் கிடையாது. லோடு இறங்கிக்கொண்டிருந்தபோது தராசுப் பலகையை விட்டு எழுந்து கடைப்படியில் இறங்கினேன். இடது கால் தரைக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன். வரவில்லை. சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. விழுந்த பிறகும் பெரிய வலி தெரியாததால், சுளுக்கு என்று நானே முடிவு செய்து எண்ணெய் கொண்டுவரச் சொன்னேன்.

குனிந்து காலைப் பார்த்த வீட்டுக்காரர், "சிவகாமி, உன் பாதம் வேற பக்கம் பாத்துக்கிட்டு இருக்கு" என்றார்.

அவர் சொன்னது சரிதான். உடனே ஆட்டோவில் ஏற்றினார்கள்.

ஆஸ்பத்திரியின் எலும்பு டாக்டர் சின்ன வயசுக்காரர். பாறசாலைப் பக்கம் பிறந்தவர் என்பதால் தமிழ் நன்றாகப் பேசினார். எக்ஸ்ரேயை விளக்குப் பலகையில் மாட்டிவிட்டு, "அம்மா, எவ்வளவு உயரத்திலேருந்து விழுந்தீங்க?" என்று கேட்டார்.

"படியிலேருந்து."

"எத்தனை படி?"

"ஒரே படிதான்."

அவர் எக்ஸ்ரேயை மறுபடியும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். எனக்குக் கோபம் வந்தது. போன வருஷம் வியாபாரிகளுக்கு நடத்திய முகாமில் என் எலும்பைச் சோதித்து நல்ல மார்க் போட்டிருந்தார்கள். வரிசையில் நின்ற பெண்களில் எனக்குத்தான் முதலிடம். அந்தப் பெருமையை அவரிடம் எடுத்துச் சொன்னேன்.

"மார்க் நல்லாத்தான் இருந்திருக்கும்மா" என்றார் அவர். "சுகர் இருக்கிறவங்கள்ல பல பேருக்கு அப்படித்தான். அந்த டெஸ்ட், எலும்புல சுண்ணாம்புச் சத்து எவ்வளவு இருக்குன்னு சொல்லும். அந்த எலும்பு எப்படிப்பட்டதுன்னு சொல்லாது."

பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினார். எலும்பு என்பது சுண்ணாம்பு மட்டும் இல்லை. உள்ளே புரதத்தால் ஆன நார் ஒன்று ஓடுகிறது. அந்த நாரில்தான் சுண்ணாம்பு படிகிறது. அடி விழும்போது எலும்பு கொஞ்சம் வளைந்து தாங்குவது அந்த நாரால்தான். வருஷக்கணக்கில் ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக ஓடினால், அது போய் நாரில் ஒட்டிக்கொண்டு அதை விறைக்க வைத்துவிடும். புது எலும்பு கட்டுகிற செல்களும் மந்தமாகிவிடும். சர்க்கரை சிறுநீரில் போகும்போது சுண்ணாம்பையும் கூட அழைத்துக்கொண்டு போகும். வெளியே பார்த்தால் எலும்பு கெட்டியாக இருக்கும், ஆனால் தாங்காது.

எனக்கு இது சட்டென்று புரிந்துவிட்டது. பாகு ஒரு கொதி கூடிப் போனால் வெல்லம் அச்சில் அழகாக நிற்கும், தட்டினால் கணீரென்று சத்தம் கேட்கும். கைதவறிக் கீழே போட்டால் சில்லு சில்லாகச் சிதறும். அந்தச் சரக்கை நான் வாங்கவே மாட்டேன். இத்தனை நாள் அதைத்தான் உடம்புக்குள் வைத்திருந்தேன் என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, அடுத்த நோயாளிக்கும் இதையே சொல்லப்போவதாகச் சொன்னார்.

சிரிப்பு அத்தோடு நின்றது. தகடும் ஸ்குரூவும் வைத்து ஆபரேஷன் செய்ய வேண்டும். ஆனால் இப்போது முடியாது. கால் வீங்கியிருக்கிறது, அதைவிடச் சர்க்கரை ஏறியிருக்கிறது. இந்த அளவில் கத்தி வைத்தால் புண் ஆறாமல் சீழ் பிடிக்கலாம். சர்க்கரை இறங்கட்டும் என்று ரொம்ப நாள் காத்திருந்தால், உடைந்த எலும்பு தன் இஷ்டத்துக்குக் கோணலாக ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஆயுசுக்கும் நொண்டத்தான் வேண்டும். என் கால் பிழைப்பது சர்க்கரை எப்போது இறங்கும் என்பதில் இருந்தது.

சர்க்கரைக்கு வேறொரு டாக்டர். பெயர் பீனா, நடுவயசுக்காரர், பாதி மலையாளமும் பாதி தமிழுமாகப் பேசுவார். முதல் நாளே என் நல்ல காலைச் சோதித்தார். கண்ணை மூடச் சொல்லிவிட்டு, தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையால் பாதத்தில் தொட்டார். எங்கே தொடுகிறேன் என்று சொல்லச் சொன்னார். நான் அவர் தொடுவதற்காகக் காத்துக்கொண்டே இருந்தேன். அவர் தொட்டு முடித்துவிட்டு இழையைச் சுருட்டிப் பைக்குள் வைத்துவிட்டார்.

"சிவகாமியம்மே, காலுக்குத் தரை அறியில்லா, அதுதான் விழுந்தது" என்றார். நரம்பு மரத்துப்போனதால் பாதம் எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சேதி போகவில்லை. உடைந்தபோது வலிக்காததும் அதனால்தான். வலி தாங்குகிறவள் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டது வீண். "பேடிக்கேண்டா, பயம் வேண்டா, சுகரைப் பிடிப்போம்" என்று சொல்லி இன்சுலின் எழுதினார்.

அறையில் எனக்குத் துணை வீட்டுக்காரரின் அக்கா கோமதி. எனக்கு மைனி. கரமனையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். மூன்று வேளையும் அடுக்குப் பாத்திரத்தில் சாப்பாடு வரும். கோதுமை உப்புமா, கீரை, சுண்டைக்காய் வத்தல் போட்ட குழம்பு. சர்க்கரை நோய்க்காரிக்கு என்று பார்த்துப் பார்த்துச் செய்தது. காலைத் தலையணை மேல் தூக்கி வைத்து, ஐஸ் ஒத்தடம் கொடுத்து, முதுகைத் துடைத்துவிட்டு, நடுநடுவே என்னைத் திட்டவும் செய்வார். அவர் திட்டாத அன்றைக்கு எனக்குத்தான் பயமாக இருக்கும்.

வீக்கம் வடியத் தொடங்கியது. சர்க்கரை மட்டும் இறங்க மாட்டேன் என்றது. விடியற்காலையில் நர்ஸ் ஷைனி விரலில் குத்திப் பார்க்கும்போது ஓரளவு நல்ல பிள்ளையாக இருக்கும். மத்தியானம் குத்தினால் மலையேறி நிற்கும். சாயங்காலம் இன்னும் மேலே. இன்சுலினைக் கூட்டினார்கள். மறுநாளும் அதே கதை. எலும்பு டாக்டர் தினமும் வந்து காலைப் பார்ப்பார், சர்க்கரையைக் கேட்பார், ஆபரேஷன் தேதி சொல்லாமல் போவார். அது எனக்கு நல்லதாகத் தோன்றவில்லை.

நான்காவதோ ஐந்தாவதோ நாள், பீனா டாக்டர் மைனியின் அடுக்குப் பாத்திரத்தைத் திறந்து பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும், "நாளையிலிருந்து ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாத்திரம் மதி. வீட்டுச் சாப்பாடு வேண்டா" என்று சொல்லிவிட்டார். மைனி பாத்திரத்தை மூடி, கூடையில் வைத்து, முந்தானையால் மூடினார். வராந்தாவில் வீட்டுக்காரரிடம், "நான் களவா எதையும் குடுத்தேன்னு அந்த டாக்டரம்மா நெனைக்கா பாத்துக்கோ" என்று சொன்னது எனக்குக் கேட்டது. நானும் மனசுக்குள் மைனியைத்தான் சந்தேகப்பட்டேன். குழம்பில் புளிப்பு முறிய ஒரு துளி வெல்லம் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஒரு துளிக்கு இவ்வளவு ஏறுமா என்று மட்டும் புரியவில்லை.

ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுக்கு மாறியும் மத்தியானச் சர்க்கரை மலையிலேயே நின்றது. இன்சுலினை மறுபடியும் கூட்டினார்கள். ராத்திரி தூக்கம் வராமல் என் பாதத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். கோணலாக ஒட்டிவிட்டால் எப்படி நடப்பேன் என்று கணக்குப் போடுவேன். கிட்டங்கிக்குள் சாக்குகளுக்கு நடுவே இருக்கும் சந்தில் ஊன்றுகோல் நுழையாது. கடையில் உட்கார்ந்தே இருந்தால் யாரோ அனுப்பும் சரக்கைத்தான் விற்க வேண்டும். அழுகை வந்தது, அழுதேன். காலையில் பல் விளக்கி முடித்ததும் சரியாகிவிட்டேன், ஏனென்றால் பகலில் எனக்கு வேலை இருந்தது.

தரகர்கள் வந்துவிடுவார்கள். பொங்காலைச் சீசனில் கடைக்காரி படுத்துவிட்டால் கரும்பு காத்திருக்குமா? டாக்டர் வந்து போன கையோடு ஒரு கூட்டம், சாயங்காலம் பார்வை நேரத்தில் ஒரு கூட்டம். எல்லார் கையிலும் ஆப்பிள் பை இருக்கும், சட்டைப் பையில் காகிதப் பொட்டலம் இருக்கும். அவர்களில் மூத்தவர் தென்காசி ஆறுமுகம் அண்ணாச்சி. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "கால் எப்படிம்மா இருக்கு?" என்று உருக்கமாகக் கேட்டுக்கொண்டே பொட்டலத்தைப் பிரிப்பார். நானும் உருக்கமாகப் பதில் சொல்லிக்கொண்டே ருசி பார்ப்பேன். வெல்லத்தை மூன்று இடத்தில் பார்க்க வேண்டும். மேல், அடி, நடு. மேலே நல்லதும் நடுவே மட்டமும் வைத்து உருட்டுகிற ஆட்கள் உண்டு. துப்பவும் கூடாது. இனிப்பு நாக்கிலேயே தெரிந்துவிடும், கரிப்பு தொண்டையில் இறங்கும்போதுதான் தெரியும். விலையைச் சொல்லிவிட்டு மிச்சப் பொட்டலத்தை மேசை இழுப்பறையில் போட்டுவிடுவேன்.

பிறகு ஞாயிற்றுக்கிழமை வந்தது. சாலைக் கடைத்தெருவில் மொத்தக் கடைகளுக்கு விடுமுறை, தரகர்களும் அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகப் படுத்திருந்தேன். வெயில் சாய்கிற நேரத்தில் திடீரென்று கை நடுங்கியது. உடம்பெல்லாம் வேர்த்தது. உதடு மரத்தது. மேலே சுற்றுகிற விசிறி மேல் காரணமில்லாமல் கோபம் வந்தது. வீட்டுக்காரர் ஓடிப்போய் ஷைனியைக் கூட்டிவந்தார். விரலில் குத்திப் பார்த்தவள், "அய்யோ, லோ ஆயிப்போயி" என்றாள். சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டது. உடனே குளுக்கோஸ் கலக்கச் சொல்லிவிட்டு, அதற்குள் வாயில் போட எதுவும் இருக்குமா என்று மேசை இழுப்பறையை இழுத்தாள்.

உள்ளே முழுக்க வெல்லப் பொட்டலம்.

ஒரு துண்டை எடுத்து அவளே என் வாயில் வைத்தாள். கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "இது தேனிச் சரக்கு. மருந்து போட்டிருக்கான், வாங்கப்பிடாது" என்று சொன்னேனாம். எனக்கு நினைவில்லை. ஷைனி சொல்லிச் சொல்லிச் சிரித்ததை வைத்து நம்புகிறேன்.

மறுநாள் காலை பீனா டாக்டர் வந்தபோது அந்தப் பொட்டலங்கள் மேசைமேல் வரிசையாக இருந்தன.

"எந்தா இது, சிவகாமியம்மே?"

"சாம்பிள்."

"யாரு சாப்பிடும்?"

"யாரும் சாப்பிடுகதில்லை டாக்டர். நான் ருசி பார்ப்பேன்."

"ருசி பார்த்திட்டு?"

"வெலை சொல்லுவேன்."

"விழுங்குமோ?"

"விழுங்காம எப்படித் தெரியும்?"

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் உண்மையாகவே திகைத்துப்போனேன். இத்தனை வருஷம், இனிப்புத் தொடுவது உண்டா என்று கேட்ட ஒவ்வொரு டாக்டரிடமும் இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லியிருக்கிறேன். அதில் ஒரு சொல் பொய் இல்லை. ருசி பார்ப்பது வேலை. வேலை எங்கேயாவது சாப்பாட்டில் சேருமா? எங்கள் தெருவில் எந்த வெல்லக்கடையில் கேட்டாலும் சேராது என்றுதான் சொல்வார்கள். வீட்டுக்காரரும் தலையாட்டி, "இவ இனிப்பே தொட மாட்டா டாக்டர்" என்று எனக்குச் சாட்சி சொன்னார்.

பீனா டாக்டர் கோபிக்கவில்லை. ஷைனியிடம் ஒரு எவர்சில்வர் கிண்ணம் கொண்டுவரச் சொல்லி என் மடியில் வைத்தார். "இன்னைக்கும் தரகர் வரட்டும். எவ்வளவு ருசி பார்க்குமோ அவ்வளவும் எடுக்கணம். வாயில போடாம இதில் போடணம், கேட்டோ" என்றார்.

அன்று வந்தவர்கள் எல்லாரும் என்னை விநோதமாகப் பார்த்தார்கள். ஒவ்வொரு சாம்பிளிலும் மேல், அடி, நடு என்று எப்போதும் எடுக்கிற அளவையே எடுத்து, கிண்ணத்தில் போட்டேன். ஆறுமுகம் அண்ணாச்சி, "அம்மா, கோயிலுக்கு நேர்ந்துக்கிட்டீகளா?" என்று கேட்டார். சாயங்காலம் கடைசித் தரகர் போனபோது கிண்ணம் நிறைந்து குவிந்திருந்தது. ஒரு வீட்டுப் பாயசத்துக்குத் தாராளமாகக் காணும்.

டாக்டர் வந்து கிண்ணத்தைப் பார்த்தார். "இது ஆஸ்பத்திரியில். கடையில் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டார்.

கடையில் இதைப்போல இரண்டு கிண்ணம் போகும் என்று எனக்குத் தெரியும். ஒரு குழந்தை இவ்வளவு வெல்லம் கேட்டிருந்தால் அதன் முதுகில் இரண்டு வைத்திருப்பேன். வெட்கமாக இருந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. சிரித்தால் டாக்டர் தப்பாக நினைப்பாரே என்று அடக்கினேன், ஆனால் முதலில் சிரித்தது அவர்தான். ஏறிய சர்க்கரைக்கு இன்சுலின் கூட்டியதும், வெல்லம் வராத ஞாயிற்றுக்கிழமை அதே ஊசி என்னைக் கீழே தள்ளியதும் அப்போதுதான் அவருக்கும் விளங்கிற்று. தரகர் வருகைக்கு ஏற்ப ஊசி போட அவர் எங்கேயும் படித்ததில்லையாம்.

மைனிக்கு வீட்டுக்காரர் போன் செய்தார். அரைமணி நேரத்தில் மைனி வந்து நின்றார். கையில் அடுக்குப் பாத்திரம்.

"மைனி, தப்பா நெனைக்காதீங்க, நான்கூட உங்களைத்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"வெல்லக் கிட்டங்கியை வயித்துக்குள்ள வச்சுக்கிட்டு, என் சுண்டைக்காய் வத்தலைக் குத்தம் சொன்னேளாக்கும் எல்லாரும்" என்றார். பிறகு டாக்டர் முன்னால் பாத்திரத்தைத் திறந்து, "இதைக் குடுக்கலாமா, கோர்ட்டுக்குப் போணுமா?" என்று கேட்டார். டாக்டர் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு அனுமதி கொடுத்தார்.

அதன் பிறகு தரகர்களுக்கு என் அறையில் இடம் இல்லை. சில நாட்களில் சர்க்கரை சாதுவாகிவிட்டது, இன்சுலினையும் குறைத்தார்கள். எலும்பு டாக்டர் காலைத் தடவிப் பார்த்தார். தோலில் சுருக்கம் விழுந்தால் வீக்கம் வடிந்தது என்று அர்த்தமாம். "சுருக்கம் வந்தாச்சு" என்று அவர் சந்தோஷமாகச் சொன்னார். என் வயசில் ஒரு பெண்ணிடம் அதை வாழ்த்து மாதிரிச் சொன்னவர் அவர் ஒருத்தர்தான்.

ஆபரேஷனில் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைத்தார்கள். முழித்தபடிதான் இருந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் துளைப்பதும் முடுக்குவதும் கேட்டது. தச்சு வேலை நடக்கிற வீட்டில் படுத்திருப்பது போல இருந்தது. பயம் இருந்தது. இருந்தாலும், இத்தனை நாள் தள்ளிப்போனது நடக்கிறதே என்ற நிம்மதி அதைவிடப் பெரிதாக இருந்தது. பில் வந்தபோது வீட்டுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு லாரி வாடகைச் சீட்டைப் பார்ப்பதுபோல ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். ஸ்குரூவை எண்ணிக் காட்டச் சொல்வாரோ என்று பயந்தேன், நல்லவேளை சொல்லவில்லை. இன்சூரன்ஸ் போக மிச்சத்தைக் கட்டினார்.

அன்று சாயங்காலம் அவர் போர்வையை இழுத்துவிடக் குனிந்தபோது ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது, வெற்றிலை வாசம் இல்லை.

"வெத்தலை எங்க?" என்றேன்.

"விட்டாச்சு."

"எப்போ?"

"அந்தக் கிண்ணத்தைப் பாத்த அன்னைக்கு." எங்கோ பார்த்தபடி, "கடையில யாராவது ஒருத்தர் ருசி பார்க்கணும்லா?" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அவரை வெற்றிலையை விடச் சொல்லி நான் போடாத சண்டை இல்லை. இப்போது கேட்காமலே விட்டிருக்கிறார். வாயைத் திறந்து காட்டச் சொன்னேன். பல்லில் சிவப்பு அப்படியே இருந்தது. நாக்கு தேற இன்னும் நாளாகும் என்று சொல்லி அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்த பிறகு காலைத் தரையில் ஊன்றவே கூடாது. மற்றவர்களுக்குச் சொல்கிற நாட்களைப் போல இரண்டு பங்கு எனக்குச் சொன்னார்கள். சர்க்கரைக்காரர் எலும்பு நிதானமாகத்தான் கூடும், மரத்த பாதம் வேறு, அவசரப்பட்டால் தகடே வளைந்துவிடும் என்றார் டாக்டர். பொங்காலை அன்று எங்கள் தெருவெல்லாம் அடுப்பு. வாசலில் நாற்காலி போட்டுக் காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் பேருக்கும் சேர்த்து மைனி பொங்கல் வைத்தார். பாயசத்தில் ஒரு ஸ்பூன் சாப்பிடலாமா என்று பீனா டாக்டரைப் போனில் கேட்டேன். சாப்பிடலாம், ஆனால் அது சாப்பாட்டில் சேரும் என்றார். இனி எல்லாமே சேரும் என்று எனக்கும் புரிந்துவிட்டது.

முதல் எக்ஸ்ரேயில் புது எலும்பு எதுவும் தெரியவில்லை. டாக்டர் "பார்க்கலாம்" என்றார். அந்த ஒரு சொல்லோடு வீட்டுக்கு வந்து, ஒரு மாதம் போல யாரிடமும் சரியாகப் பேசாமல் இருந்தேன். மைனி அளந்து போட்ட சோற்றைச் சாப்பிட்டேன், வெயிலில் உட்காரச் சொன்னால் உட்கார்ந்தேன், ஊசியை நானே போட்டுக்கொண்டேன். அடுத்த எக்ஸ்ரேயில், உடைந்த இடத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு புகை மாதிரித் தெரிந்தது. அழுக்கு என்று நினைத்து நான் துடைக்கப் போனேன். "அம்மா, அதைத் துடைச்சிராதீங்க. அதுதான் உங்க புது எலும்பு" என்றார் டாக்டர். அந்த இடத்திலேயே அழுதேன். வீட்டுக்காரரும் அழுதார், ஆனால் கண்ணில் தூசி என்று சொல்லிக்கொண்டார்.

நடைவண்டி போய், கைத்தடி வந்து, அதுவும் போய், ஒரு திங்கட்கிழமை கடைக்கு வந்தேன். ஆறுமுகம் அண்ணாச்சி பழக்கத்தில் என் உள்ளங்கையில் ஒரு வெல்லத் துண்டை வைத்தார். நான் உடைத்துப் பார்த்தேன், முகர்ந்தேன், வீட்டுக்காரரிடம் நீட்டினேன். அவர் சாமி பிரசாதம் வாங்குவதுபோல வாங்கி, வாயில் போட்டு, கண்ணை மூடி, விழுங்கினார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். எந்தச் சரக்கைக் கொடுத்தாலும் அவர் அப்படித்தான் சொல்வார். வந்த மனுஷனை நோகடிக்க அவருக்குத் தெரியாது.

நான் எழுந்து, எதையும் பிடிக்காமல் சாக்கு வரைக்கும் நடந்துபோய் வந்தேன். கால் தாங்கிற்று. "அண்ணாச்சி, சரக்குல கரிப்பு இருக்கு. வெலையைக் கொறச்சுப் போடுங்க" என்றேன்.

அண்ணாச்சிக்கு முகம் மாறியது. கரிப்பு இருப்பது அவருக்குத் தெரியும். "நீங்க வாயிலயே வைக்கலியேம்மா" என்றார்.

வீட்டுக்காரரும் என்னையே பார்த்தார். "எனக்கே பிடிபடலை சிவகாமி. உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"விழுங்கும்போது உங்க இடது புருவம் லேசா ஏறிச்சு" என்றேன். "இத்தனை வருஷமா உங்க மொகத்தைத்தானே பாத்துக்கிட்டு இருக்கேன்."

அவர் வெட்கப்பட்டுக்கொண்டு தண்ணீர் குடிக்க உள்ளே போய்விட்டார். ஆறுமுகம் அண்ணாச்சி விலையைக் குறைத்துக்கொண்டார்.